காவிரியில் முதல் தண்ணீர் வரும் காட்சி: தண்ணீர் சரியாக வருகிறது, மணல் நனைய மாட்டேன் என்கிறது

குடமுருட்டிக் கரை | மே 28, இரவு 10:15

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருஷமாக இங்கே படிக்க மட்டும் செய்தவன், முதல் முறையாக ஓர் இழை தொடங்குகிறேன்.

கம்ப்யூட்டர் அனிமேஷனில், 40 நொடியில் ஒரே ஒரு காட்சி செய்துகொண்டிருக்கிறேன். திருவையாற்றுப் பக்கம் ஒரு சின்னப் படித்துறை. ஆறு வறண்டு கிடக்கிறது. மேட்டூர் திறந்து நாலைந்து நாள் ஆனபின், மேற்கேயிருந்து முதல் தண்ணீர் மணலில் ஊர்ந்து வந்து கடைசிப் படியைத் தொடுகிறது. ஆள் இல்லை, வசனம் இல்லை. என் அக்கா பிள்ளைகள் துபாயில் வளர்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் வருகிற அன்றைக்கு ஊரில் இருந்ததே இல்லை. அவர்கள் பார்ப்பதற்காகத்தான் செய்கிறேன். கேமராவில் எடுத்துவிடலாம் என்று போன வருஷம் காத்திருந்தேன், எங்கள் ஊரை நடுராத்திரியில் கடந்து போய்விட்டது.

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில், தண்ணீர் ஓட்டத்தைக் கணக்கிடும் மாண்டாஃப்ளோவைப் பயன்படுத்துகிறேன். டொமைன் (கணக்கு நடக்கும் பெட்டி) 12 மீட்டர் நீளம், ரெசல்யூஷன் (அந்த நீளத்தில் எத்தனை கட்டங்கள்) 256. மெஷினில் 16 ஜிபி ராம், 8 ஜிபி கார்டு. ஓட்டம் ஓரளவு நன்றாகவே வருகிறது. ஆனால் தண்ணீரின் முன்விளிம்பு பாகு மாதிரி உருண்டு தடித்து நிற்கிறது. அதைவிடப் பெரிய கஷ்டம் மணல். தண்ணீருக்கு அடியிலும் அதே நிறம், விலகிய பிறகும் அதே நிறம். மணல்மேல் ஒரு கண்ணாடித் தகட்டை இழுத்துக்கொண்டு போவது போல இருக்கிறது. நாலு நாளாக ஷேடரை (பரப்பின் நிறத்தையும் மினுக்கத்தையும் தீர்மானிக்கும் அமைப்பை) மாற்றிப் பார்த்துவிட்டேன். எங்கே தப்பு?

அரசலாறு | மே 28, இரவு 11:40

தம்பி, முதலில் கணக்கைப் பாருங்கள். 12 மீட்டரை 256-ஆல் வகுத்தால் ஒரு வோக்ஸல், அதாவது கணக்குப் போடும் ஒரு கனசதுரக் கட்டம், 4.7 சென்டிமீட்டர். மணலில் முதலில் வரும் தண்ணீரின் கனம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. ஒரு வோக்ஸலுக்குள் நாலு தடவை அடங்கக்கூடிய கனத்தை அந்த வோக்ஸலால் காட்டவே முடியாது. அதனால்தான் விளிம்பு தடித்து உருண்டு நிற்கிறது. அது ஷேடர் பிரச்சினையே இல்லை.

ரெசல்யூஷனை இரண்டு மடங்காக்கலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் வோக்ஸல் எண்ணிக்கை எட்டு மடங்கு, கணக்குப் போடும் படிகளும் குறுகுவதால் நேரம் கிட்டத்தட்ட பதினாறு மடங்கு. உங்கள் 16 ஜிபி அங்கேயே மூச்சு முட்டிவிடும்.

ஷாட்டைப் பிரியுங்கள். படியோரத்துக்கு மட்டும் 2 மீட்டர் டொமைன் போடுங்கள். அதே 256-க்கு வோக்ஸல் 8 மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். மெஷ் (தண்ணீரின் பரப்பாகத் தெரியும் வலை) பகுதியில் பார்ட்டிக்கிள் ரேடியஸைக் கொஞ்சம் குறைத்து, கான்கேவிட்டி அளவுகளைத் தொட்டுப் பாருங்கள். அந்தத் தடிப்பு பாதிக்கு மேல் இறங்கும். அப்புறம் முக்கியமான ஒன்று: தண்ணீர் மெஷ்ஷின் அடிப்பரப்பு மணலுக்குள் கொஞ்சம் புதைந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் ரெண்டரர் (வெளிச்சத்தைக் கணக்கிட்டுப் படமாக்கும் பகுதி) அதைக் காற்று என்று எடுத்துக்கொள்ளும். வெளிச்சம் தண்ணீரிலிருந்து காற்றுக்கு வந்து, அப்புறம் மணலைத் தொடும். நீங்கள் சொல்லும் கண்ணாடித் தகடு அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

நான் சென்னையில் இந்த வேலைக்கு வந்த முதல் வருஷம், மழைக் காட்சி ஒன்றுக்கு மூன்று வாரம் உட்கார்ந்து தண்ணீரைப் பிரமாதமாகச் செய்தேன். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு, "மழை பெய்கிறது, ரோடு நனையவில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரோட்டுக்கு நான் ஒரு மணி நேரம்கூடச் செலவு செய்திருக்கவில்லை. உங்கள் இழைத் தலைப்பைப் பார்த்ததும் அது ஞாபகம் வந்தது.

லஸ்கர் மகன் | மே 29, காலை 6:20

எனக்குக் கம்ப்யூட்டர் வேலை அவ்வளவாகத் தெரியாது, மகன் செய்வதைப் பார்ப்பதோடு சரி. ஆனால் தண்ணீர் வருவதை என் அளவுக்குப் பார்த்தவர்கள் இங்கே குறைவாகத்தான் இருப்பார்கள். அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர், வாய்க்கால் ஷட்டரைத் திறந்து மூடுகிற வேலை. ஷட்டர் சாவி எங்கள் வீட்டு மாடத்தில் தொங்கும். தண்ணீர் விடுகிற அன்றைக்கு அவர் சைக்கிளில் கரையோடு போவார், நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன்.

தம்பி, உங்கள் காட்சியில் ஆறு முழுக்க ஒரே வரிசையாகத் தண்ணீர் வருகிறதா? அப்படி வரவே வராது. ஆற்றில் பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே முதலில் ஒரு நாக்கு வரும். நாணலும் காட்டாமணக்கும் மண்டின மேடெல்லாம் கடைசியில்தான் நனையும். நாக்கு கொஞ்ச தூரம் வேகமாக ஓடி, நின்றுவிடும். நின்ற இடத்தில் மணல் குடித்துக்கொண்டிருக்கும். பின்னாலிருந்து தண்ணீர் வந்து சேர்ந்து கனத்ததும், நின்ற நாக்கு ஒரு பக்கம் உடைத்துக்கொண்டு மறுபடி ஓடும். ஓடுவது, நிற்பது, ஓடுவது. ஒரே சீராக வந்தால் அது வாளித் தண்ணீரைக் கொட்டின கணக்கு.

விளிம்பில் சுத்தமான தண்ணீர் இருக்காது. காய்ந்த இலை, மூங்கில் சருகு, ஆட்டுப் புழுக்கை, எறும்பு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வரும். அதற்கும் முன்னால் மாவு மாதிரி புழுதி மிதந்து வரும். தண்ணீர் தொட்டும் நனையாத புழுதி. அப்புறம், தண்ணீர் கடந்த மணலைக் குனிந்து பாருங்கள். பொட்டுப் பொட்டாகக் கொப்புளம் வந்துகொண்டே இருக்கும். மணலுக்குள் இருந்த காற்று வெளியே வருகிறது. காதை வைத்தால் சுர்ரென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் அப்பா "ஆறு தாகம் தீர்க்குது, இன்னும் அரை மணி ஆகும்" என்று சொல்லி பீடி பற்ற வைப்பார்.

இன்னொன்று. நாக்கு நிற்கும் இடத்தில், தண்ணீருக்கு முன்னால் ஒரு விரற்கடை அகலத்துக்கு மணல் கறுத்திருக்கும். அங்கே தண்ணீர் வந்திருக்காது, ஈரம் மட்டும் போயிருக்கும். நின்ற நேரம் கூடக் கூட அந்தக் கறுப்புக் கரை அகலமாகும். ஓடும்போது அது இருக்கவே இருக்காது.

குடமுருட்டிக் கரை | மே 29, காலை 7:05

ஐயா, இரண்டு தடவை படித்துவிட்டேன். என் காட்சியில் தண்ணீர் நேர்க்கோட்டில்தான் வருகிறது. ஆற்றுப் படுகையையே தட்டையான ஒரு தளமாகப் போட்டிருக்கிறேன். இன்றைக்குச் சாயந்திரம் போய் உண்மையான படுகையைப் படம் எடுத்து வருகிறேன். தண்ணீர் வருவதற்குள் எடுத்தால்தான் உண்டு.

அரசலாறு அண்ணே, மணலுக்குள் புதைத்தேன். கண்ணாடித் தகடு போய்விட்டது. நன்றி. ஆனால் மணல் இன்னும் காய்ந்த மணலாகத்தான் தெரிகிறது.

மன்னார்குடி வாத்தியார் | மே 29, மாலை 5:30

லஸ்கர் மகன் சொன்ன கறுப்புக் கரையிலிருந்தே ஆரம்பிக்கலாம். பள்ளியில் பிள்ளைகள் வருஷா வருஷம் கேட்கும் கேள்வி: தண்ணீருக்கு நிறம் இல்லை, அப்படியானால் மண் நனைந்தால் ஏன் கறுக்கிறது?

இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டும் வேறு வேறு. முதலாவது, பரப்பின்மேல் தண்ணீர்ப் படலம் நிற்கும்போது நடப்பது. வெளிச்சம் படலத்தைத் தாண்டிப் போய் மணலில் பட்டு, எல்லாத் திசையிலும் சிதறித் திரும்புகிறது. திரும்புவது எல்லாம் வெளியே வர முடியாது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. செங்குத்திலிருந்து சுமார் 48.6 பாகைக்கு மேல் சாய்ந்து வரும் கதிர் முழு அக எதிரொளிப்பில் உள்ளேயே திருப்பப்படும். கணக்குப் போட்டால், சிதறிய வெளிச்சத்தில் சுமார் 44 சதவீதம் மறுபடி மணலுக்கே போகிறது. இரண்டாம் தடவை படும்போது மணல் இன்னும் கொஞ்சம் உறிஞ்சுகிறது. அப்படியே மூன்றாம் தடவை. இந்த விளக்கத்தை 1925-லேயே ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ராம் என்ற ஸ்வீடன் விஞ்ஞானி கொடுத்துவிட்டார்.

இரண்டாவது, படலமே இல்லாத ஈரத்தில் நடப்பது. காய்ந்த மணலில் மணிகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. மணிக்கும் காற்றுக்கும் ஒளிவிலகலில் வித்தியாசம் அதிகம், அதனால் வெளிச்சம் மேலடுக்கிலேயே சிதறித் திரும்பிவிடும். இடைவெளியில் தண்ணீர் புகுந்துவிட்டால் வித்தியாசம் குறைகிறது. வெளிச்சம் சுலபமாக உள்ளே இறங்கி, பல மணிகளைத் தாண்டி, வழியிலேயே உறிஞ்சப்படுகிறது. கறுப்புக் கரையில் நடப்பது இதுதான். அங்கே பளபளப்பு கிடையாது, கறுப்பு மட்டும்தான்.

ஆகவே தம்பி, நிறத்தை வெறுமனே பாதியாகக் குறைத்தால் சாம்பல் பூசினது போல ஆகிவிடும். ஒவ்வொரு தடவை படும்போதும் மணல் நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் உறிஞ்சுவதால், நனைந்த மணல் கறுப்பதோடு நிறமும் ஆழமாகும். நிறத்தை ஓர் எண்ணால் பெருக்கிக் குறைக்காதீர்கள், வர்க்கம், கனம் போல அடுக்குக்குறி போட்டு மாற்றுங்கள். பிளெண்டரில் காமா என்று ஒரு நோட் இருக்கிறதாமே, எங்கள் பையன் ஒருவன் சொன்னான். 1-க்கு மேல் வைத்தால் இதே விளைவு கிடைக்கும்.

கருங்கல் படிக்கு இரண்டாவது காரணம் அவ்வளவாகப் பொருந்தாது, அதில் துளைகள் குறைவு. அது கறுப்பது பெரும்பாலும் படலத்தால்தான். படலம் காய்ந்ததும் கல் உடனே வெளுக்கும். மணல் அப்படி வெளுக்காது.

கடைமடை | மே 29, இரவு 9:50

வாத்தியார் சார் சொன்னதில்தான் உங்கள் ஷேடரே இருக்கிறது. நான் கேம் வேலை செய்கிறவள், சொந்த ஊர் தலைஞாயிறு பக்கம். எங்களுக்குத் தண்ணீர் வந்து சேருவதற்குள் திருவையாற்றில் நாற்றே விட்டிருப்பார்கள். அதனால் காய்ந்த வாய்க்காலை உற்றுப் பார்க்க எங்களுக்கு நேரம் நிறையக் கிடைத்தது.

பெரும்பாலானவர்கள் ஈரத்துக்கு ஒரே ஒரு மேப் வைப்பார்கள். 0 என்றால் காய்ந்தது, 1 என்றால் நனைந்தது. அதை வைத்து நிறத்தையும் ரஃப்னஸையும் (சொரசொரப்பு, அது குறைந்தால் பளபளப்பு) சேர்த்தே மாற்றுவார்கள். அங்கேதான் பொய் தெரியும். ஏனென்றால் நனையும்போது கறுப்பு முதலில் வருகிறது, பளபளப்பு பின்னால் வருகிறது. காயும்போது பளபளப்பு சில நொடியில் போய்விடும், கறுப்பு மணிக்கணக்கில் நிற்கும். இரண்டுக்கும் தனித்தனி மேப், தனித்தனி நேரம் வேண்டும்.

பிளெண்டரின் டைனமிக் பெயின்டில் (ஒரு பொருள் தொட்ட இடத்தில் இன்னொன்றின்மேல் வண்ணம் பதியவைக்கும் வசதி) இதற்கு வழி இருக்கிறது. மணலை கேன்வாஸ் ஆக்குங்கள், தண்ணீர் மெஷ்ஷை பிரஷ் ஆக்குங்கள். பெயின்ட் வகையைத் தேர்ந்தால் இரண்டு மேப் வெளியே வரும், ஒன்று பெயின்ட்மேப், இன்னொன்று வெட்மேப். வெட்மேப்புக்கு டிரை நேரம் 40 ஃபிரேம் போல வைத்துப் பளபளப்புக்குக் கொடுங்கள். பெயின்ட்மேப்பைக் காயவிடாமல் கறுப்புக்குக் கொடுங்கள். எஃபெக்ட்ஸில் ஸ்பிரெட் என்று ஒன்று உண்டு, அது பெயின்ட்டை மெதுவாகப் பக்கத்தில் பரவவிடும். லஸ்கர் மகன் ஐயா சொன்ன விரற்கடைக் கறுப்பு உங்களுக்கு அதில் கிடைக்கும். தண்ணீர் நிற்கும்போது அகலமாகும், ஓடும்போது தண்ணீர் அதைத் தாண்டிப் போய்விடும். நீங்கள் தனியாக எதையும் அனிமேட் செய்ய வேண்டியதில்லை. வெர்டெக்ஸ் வகை (மெஷ்ஷின் புள்ளிகளில் வண்ணம் பதிவது) எடுத்தால் மணல் மெஷ் நெருக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தின் ஓரம் பல் பல்லாகத் தெரியும்.

எங்கள் வீட்டில் அம்மா நிலத்தைக் காலால் தொட்டுப் பார்த்தே சொல்வார்: புழுதியாக இருக்கிறது, பதமாக இருக்கிறது, சொதசொத என்று ஆகிவிட்டது, தண்ணீர் கட்டி நிற்கிறது. நான் ஈரத்துக்கு ஷேடர் எழுதும்போது இந்த நான்கையும்தான் நிலைகளாக வைத்துக்கொள்கிறேன். பதம் என்றால் கறுப்பு உண்டு, மினுக்கம் இல்லை. சொதசொத என்றால் கறுப்பு முழுக்க வந்துவிட்டது, மேடு பள்ளத்தில் பள்ளம் மட்டும் மினுங்கும். தண்ணீர் கட்டினால் மேடும் மறைந்து பரப்பே சமமாகிவிடும், அந்த இடத்தில் நார்மல் மேப்பின் (பரப்பில் சின்ன மேடு பள்ளம் இருப்பது போலக் காட்டும் படம்) பலத்தையும் குறைக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம், ஆற்றின் அகலக் காட்சிக்கு ஃபிளிப் (மாண்டாஃப்ளோ தண்ணீரைத் துகள்களாகக் கணக்கிடும் முறை) வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. தண்ணீர் மெல்லிசாகப் பரவுகிற இடத்தில் முப்பரிமாணக் கணக்கு வீண். ஒவ்வொரு புள்ளியிலும் ஆழம் எவ்வளவு, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மட்டும் பார்த்தால் போதும். 1871-இல் பிரெஞ்சுப் பொறியாளர் செயின்ட் வெனன்ட் எழுதிவைத்த சமன்பாடுகள்தான். இன்றைக்கும் வெள்ளம் எந்த ஊருக்குள் புகும் என்று பொறியாளர்கள் கணக்குப் போடுவது அதை வைத்துத்தான். பிளெண்டர் 3.6-இல் ஜியோமெட்ரி நோட்ஸுக்குள் சிமுலேஷன் வந்துவிட்டது, அதிலேயே எழுதலாம். அதில் பெரிய வசதி, மணல் குடிப்பதையும் சேர்க்க முடியும். ஒவ்வொரு படியிலும் ஆழத்தில் கொஞ்சம் கழித்து, அதே அளவை மணலின் ஈரக் கணக்கில் வரவு வையுங்கள். மணல் நிறைந்ததும் கழிப்பதை நிறுத்துங்கள். ஓடுவதும் நிற்பதும் தானாக வரும்.

அரசலாறு | மே 30, காலை 8:10

அகலக் காட்சிக்கு நீங்கள் சொல்வது சரிதான் அக்கா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படியில் வந்து மோதும் இடத்துக்கு அது உதவாது. உயரக் கணக்கில் ஒரு புள்ளிக்கு ஒரே ஓர் உயரம்தான். தண்ணீர் படியில் இடித்து, சுருண்டு, சருகைச் சுழற்றித் திரும்புவதை அது காட்டாது. இந்தக் காட்சி முழுவதும் அந்தத் தொடுதலுக்காகத்தானே? அங்கே ஃபிளிப் இருக்கட்டும். ஃபிளிப் ரேஷியோவை முன்னிருப்பான 0.97-இலிருந்து கொஞ்சம் இறக்குங்கள், இந்தத் தண்ணீர் அவ்வளவு துள்ளாது.

கடைமடை | மே 30, காலை 8:25

சரி, படிக்கு ஃபிளிப். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

குடமுருட்டிக் கரை | ஜூன் 4, இரவு 11:00

படுகையைப் படம் எடுத்து, அதிலிருந்து மெஷ் செய்துவிட்டேன். கால் தடம், மாட்டு வண்டித் தடம், நாணல் குத்து எல்லாம் வந்திருக்கிறது. இரண்டு மேப் முறை வேலை செய்கிறது. நாக்கு நின்றதும் கறுப்பு மெதுவாக முன்னேறுவதைப் பார்த்து எங்கள் அம்மா, "இதான், இதான்" என்றார்.

இரண்டு சந்தேகம். நடுக் காட்சிக்கு அவசரத்தில் ஃபிளிப்பே போட்டேன். 100 மீட்டர் ஆற்றை 4 மீட்டர் டொமைனுக்குள் சுருக்கினேன். ஆறு பொம்மை மாதிரித் தெரிகிறது, தொட்டியில் ஆட்டிவிட்ட தண்ணீர் போல. இரண்டாவது நிறம். ஆடிப்பெருக்கில் பார்த்த செங்காவி நிறத்தை டிரான்ஸ்மிஷனில் (வெளிச்சம் ஊடுருவும் அமைப்பில்) கொடுத்தேன். டிகாக்ஷன் மாதிரி வந்துவிட்டது.

மன்னார்குடி வாத்தியார் | ஜூன் 5, காலை 6:45

பொம்மை போலத் தெரிவதற்குக் காரணம் நேரம். 25-இல் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறீர்கள், ஆனால் புவியீர்ப்பு அதேதான். அலைகளின் காலம் நீளத்தின் வர்க்கமூலத்தோடு போகும். 25-க்கு வர்க்கமூலம் 5. உங்கள் சின்ன ஆற்றில் எல்லாமே ஐந்து மடங்கு சுறுசுறுப்பாக நடக்கிறது. டைம் ஸ்கேலை 0.2 வையுங்கள். அந்தக் காலத்தில் சின்ன மாதிரிக் கப்பலைத் தொட்டியில் மிதக்கவிட்டுப் படம் எடுத்தவர்கள் கேமராவை வேகமாக ஓட்டியது இதற்காகத்தான்.

நிறத்துக்குப் பதில் நீங்களே சொல்லிவிட்டீர்கள். டிகாக்ஷன் வெளிச்சத்தை உறிஞ்சும், சிதறவைக்காது, அதனால் டம்ளரின் அடி தெரியும். பால் ஊற்றினதும் அடி தெரியாது, காப்பியே உள்ளிருந்து வெளிச்சம் விடுவது போல இருக்கும். கலங்கல் தண்ணீர் பால் சேர்ந்த காப்பி. வண்டல் துகள்கள் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. எனவே நிறத்தை மேற்பரப்பில் வைக்காதீர்கள், உள்ளே வால்யூமில் ஸ்கேட்டர் (ஒளிச்சிதறல்) வையுங்கள். ஆழம் ஒரு சாணுக்குக் குறைந்த இடத்தில் மணல் லேசாகத் தெரியும், கூடின இடத்தில் தெரியாது. அந்த மாற்றம் தானாக வந்துவிடும்.

லஸ்கர் மகன் | ஜூன் 5, காலை 9:15

வாத்தியார் சொல்வது ஆடி மாசத்துத் தண்ணீருக்குச் சரி. ஆனால் தம்பி செய்வது ஜூன் மாசத்து முதல் தண்ணீர். அது செங்காவியாக இருக்காது. மேட்டூர் அணையில் வண்டல் அடியில் தங்கிவிடும். அங்கிருந்து வருவது தெளிந்த தண்ணீர், சில சமயம் பச்சை ஓடியிருக்கும். வழியில் புழுதியையும் சருகையும் வாரிக்கொள்வதால், முன்னால் வரும் நாக்கு மட்டும் சாம்பல் கலந்த பழுப்பாக இருக்கும். பின்னால் வரும் தண்ணீர் போகப் போகத் தெளியும். செவ்வெள்ளம் வேறு, அதற்கு மழை வேண்டும்.

நுரையும் அப்படித்தான். "நுங்கும் நுரையுமாக வந்தது" என்று எல்லோரும் எழுதுகிறோம். அந்த நுரை சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக இருக்காது. அழுக்கு வெண்ணெய் நிறம். ஷட்டரை அரை அடி தூக்கினால் தண்ணீர் கண்ணாடிப் பாளமாக அடியில் வழுக்கிக்கொண்டு போய், பத்தடி தள்ளி எழும்பிப் பொங்கும். நுரை பிறப்பது அங்கே. ஆனால் அங்கே பிறந்தது மைல் கணக்கில் உடையாமல் வரும். படித்துறை மூலையில் ஒதுங்கி, சுற்றிக்கொண்டே கிடக்கும்.

மன்னார்குடி வாத்தியார் | ஜூன் 5, காலை 9:40

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. நான் ஆடிப்பெருக்கை மனதில் வைத்துச் சொல்லிவிட்டேன். ஸ்கேட்டர் வேண்டும் என்பது மாறாது. அடர்த்தியை முன்விளிம்பில் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஷட்டருக்குக் கீழே பொங்குவதை நாங்கள் நீர்த்தாவல் என்போம். பாளமாக ஓடும் இடத்தில் தண்ணீரின் வேகம் அதன்மேல் அலை ஓடக்கூடிய வேகத்தைவிட அதிகம். வேகம் தணிந்து அலைவேகத்துக்குக் கீழே இறங்கும் இடத்தில் மட்டம் சட்டென உயர்ந்து, காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். நுரை நெடுநேரம் நிற்பதற்குக் காரணம் தண்ணீரில் கரைந்திருக்கும் இலை தழைச் சத்து. அது குமிழின் தோலை உறுதியாக்குகிறது.

அரசலாறு | ஜூன் 5, மதியம் 1:30

அப்படியானால் மாண்டாஃப்ளோவின் ஃபோம் முன்னிருப்பு அளவுகள் இதற்குப் பொருந்தாது. அது அலை முகட்டையும், உள்ளே மாட்டிய காற்றையும், வேகத்தையும் பார்த்து நுரையைப் பிறப்பிக்கும். படித்துறைக்கு வரும் இந்தத் தண்ணீரில் மூன்றும் குறைவு. ஃபோமை அங்கே பிறக்கவிடாதீர்கள். மேல் பக்கத்திலிருந்து தனிப் பார்ட்டிக்கிளாக விட்டு, ஓட்டத்தோடு மிதக்கவிடுங்கள். ஆயுளை ஷாட் முழுக்க வையுங்கள். சருகையும் புழுதியையும் அதே வழியில் விடலாம். ஒரு கொத்து மட்டும் மூலையில் ஒதுங்கட்டும்.

குடமுருட்டிக் கரை | ஜூன் 11, இரவு 10:30

நாலு நாள் பேக் (தண்ணீர்க் கணக்கை முன்கூட்டியே போட்டுச் சேமிப்பது) ஓடி, ரெண்டர் வந்துவிட்டது. அகலக் காட்சி அக்கா சொன்ன உயரக் கணக்கில் செய்தது. மணல் குடிப்பதைச் சேர்த்ததும் நாக்கு தானாகவே தயங்கித் தயங்கி வருகிறது. முதல் தடவை அது நின்று, பக்கவாட்டில் உடைத்துக்கொண்டு ஓடியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதை நான் செய்யவில்லை, அதுவாகவே செய்தது.

நிறம் இப்போது சாம்பல் பழுப்பு. கரையிலிருந்து தாழப் பார்க்கும் ஷாட்டில் நிறமே தெரியவில்லை, வானம்தான் தெரிகிறது. அது தப்பா?

படித்துறை ஷாட்டில் ஓர் இடம் உறுத்துகிறது. படிக்குப் பக்கத்தில் பழைய மூங்கில் கழி ஒன்று நட்டிருக்கிறது. அதைச் சுற்றித் தண்ணீர் போவது மட்டும் மொழுமொழு என்று இருக்கிறது.

மன்னார்குடி வாத்தியார் | ஜூன் 12, காலை 6:10

வானம் தெரிவது தப்பில்லை. நேர் மேலிருந்து பார்த்தால் தண்ணீர் 2 சதவீத வெளிச்சத்தைத்தான் எதிரொளிக்கும். செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்தால் 6 சதவீதம். 80 பாகையில் 35 சதவீதம் ஆகிவிடும். பாலத்தில் நின்று பார்க்கிறவருக்குக் கலங்கலும், படியில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு வானமும் தெரிய வேண்டும். ஐஓஆர் (ஒளிவிலகல் எண்) 1.33 வைத்திருந்தால் ரெண்டரர் இதைச் சரியாகவே செய்யும்.

கழி விஷயத்துக்கு, எங்கள் ஊர் வாய்க்காலில் நான் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டும் ஒன்றைச் சொல்கிறேன். ஓடும் தண்ணீரில் ஒரு குச்சியை நட்டால், குச்சிக்கு மேல்பக்கம், அதாவது தண்ணீர் வரும் பக்கம், சீப்புப் பல் போல நெருக்கமாகச் சின்னச் சுருக்கங்கள் அசையாமல் நிற்கும். அவை பரப்பு இழுவிசையால் வரும் அலைகள். கீழ்ப்பக்கம் அகலமான அலைகள் நிற்கும், அவை புவியீர்ப்பால் வருபவை. தண்ணீரின்மேல் ஓடும் எந்த அலைக்கும் நொடிக்கு 23 சென்டிமீட்டர்தான் குறைந்தபட்ச வேகம், அப்போது அலைநீளம் 1.7 சென்டிமீட்டர். ஓட்டம் அதைவிட மெதுவாக இருந்தால் குச்சியைச் சுற்றி ஒரு சுருக்கமும் நிற்காது. ஆக, கழியைப் பார்த்தே ஆற்றின் வேகத்தைச் சொல்லிவிடலாம். உங்கள் வோக்ஸல் 8 மில்லிமீட்டர். 1.7 சென்டிமீட்டருக்கும் சின்னச் சுருக்கத்தை அது எங்கே பிடிக்கப்போகிறது? மொழுமொழு என்றுதான் இருக்கும்.

கடைமடை | ஜூன் 12, காலை 7:30

அதைச் சிமுலேட் செய்யாதீர்கள். கழிக்கு மேல்பக்கம் வளைவாக நாலைந்து கோடுகளை நார்மல் மேப்பில் வரைந்து, தண்ணீர் மெஷ்மேல் வைத்துவிடுங்கள். கழியிலிருந்து விலக விலக மங்கட்டும். நிற்கும் அலை என்பதால் நகர்த்தத் தேவையில்லை, லேசாக நடுங்கவிட்டால் போதும். தண்ணீர் கழியை எட்டின உடனே வரக்கூடாது. ஓட்டம் நொடிக்கு 23 சென்டிமீட்டரைத் தாண்டின பிறகு மெதுவாகத் தோன்ற வேண்டும்.

அப்புறம் கழியிலும் ஈரம் ஏறணும் தம்பி. மூங்கில் கணு வரைக்கும் பளபளப்பு, அதற்கு மேலே இரண்டு விரல் கறுப்பு.

குடமுருட்டிக் கரை | ஜூன் 15, இரவு 8:20

கழி சரியாகிவிட்டது. கணுவுக்கு மேலே இரண்டு விரல் கறுப்பு வைத்ததும் அந்த ஷாட்டே மாறிவிட்டது. மொத்தம் 960 ஃபிரேமில் 700 முடிந்திருக்கிறது.

கல்லணையில் இன்றைக்குத் திறந்துவிட்டார்களாம், பூவும் நெல்லும் தூவினார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இங்கே எப்போது வரும் என்று தெரியவில்லை. லஸ்கர் மகன் ஐயா, உங்கள் கணக்கு என்ன?

லஸ்கர் மகன் | ஜூன் 15, இரவு 8:50

திறந்த அளவையும் மணல் இருக்கும் நிலையையும் பொறுத்தது. நீங்கள் எதற்கும் விடிகாலை மூன்று மணிக்கே படித்துறைக்குப் போய்விடுங்கள். டார்ச்சை ஆற்றுக்கு நேராக அடிக்காதீர்கள், தரையோடு தாழ்த்திப் பிடியுங்கள். பளபளப்பு முதலில் கண்ணில் படும். அதற்கும் முன்னால் சுர்ரென்ற சத்தம் காதில் விழும். ஃபோனில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் படத்தில் இன்னும் சத்தம் சேர்க்கவில்லையே?